குள்ளம்மாள் பேசிய பாஷை

தீர்த்தமலை அடிவாரம்,
1938 ஜூலை 8

கர்த்தருக்குள் பிரியமுள்ள சுகிர்தம் அக்காளுக்கு,

ஏசுவடியான் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை லேயாளும் இவ்விடம் சுகம். தங்கள் சுகத்துக்காகவும், ஆஸ்பத்திரியில் உங்கள் பராமரிப்பில் கிடக்கிற நோயாளிகளுக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, லேயாளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர்காய்ச்சல் வந்து போகிறது. மலையடிவாரத்துத் தண்ணீர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். நீங்கள் பயப்பட வேண்டாம்.

சபை சிறியது. கோயில் என்பது கூரைக் கொட்டகைதான். மாது என்கிறவர் மூப்பர். என் திருநெல்வேலித் தமிழைக் கேட்டுவிட்டு, “உபதேசியாரு பேசறது நல்லாத்தான் இருக்குதுங்க, பாதிதான் வெளங்குது” என்கிறார். விளங்குகிற பாதிக்காகவாவது ஜனங்கள் வருகிறார்கள். இப்போது ஞாயிறுக்கு ஒன்றாக ஆவியின் வரங்களைக் குறித்துப் பேசி வருகிறேன். ஞானம், அறிவு, விசுவாசம் எல்லாம் முடிந்து குணமாக்கும் வரத்துக்கு வந்திருக்கிறேன். அந்நியபாஷை பேசும் வரமும், அதை வியாக்கியானம் பண்ணும் வரமும் கடைசியில் வரும்.

ஒரு குறை இருக்கிறது, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? ஊழியக்காரன் மனைவி வாய் திறக்க வேண்டாமா? பெண்கள் கூட்டத்தில் ஒரு ஜெபம் சொல் என்றால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கூட்டம் முடியுமுன்னே ஆளைக் காணோம். தேடிப்போனால் மாதுவின் காலில் இருக்கிற ஆறாத புண்ணைக் கழுவிக்கொண்டிருப்பாள். இல்லாவிட்டால் செல்லி என்று ஒரு கிழவி, நம் சபையில் சேராதவள், அவளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பாள். போன ஞாயிறு பிரசங்கம் முடிந்து வந்ததும் என்னிடம் கேட்கிறாள்: “ஏனுங்க, கஞ்சி ஊத்தறது எந்த வரத்துல சேரும்?” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது வரம் இல்லை லேயாள், கடமை” என்றேன். “சரிங்க” என்று போய்விட்டாள்.

அவளுக்கும் ஒரு வரம் கிடைக்க வேண்டும் என்று உபவாசமிருந்து கேட்டு வருகிறேன். நீங்களும் கேளுங்கள் அக்காள்.

தங்கள் அன்பின் சகோதரன்,
ஏசுவடியான்


தர்மபுரி,
1938 ஜூலை 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகிர்தம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கடிதம் கிடைத்தது. பிரசங்கத்துக்கு ஒரு பக்கம், காய்ச்சலுக்கு இரண்டு வரி. நல்ல புருஷன் போங்கள்!

தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையாம். அது தண்ணீர் இல்லை, மலேரியா. அந்த அடிவாரம் முழுக்க அதுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள், அப்புறம் என்ன சந்தேகம்? இத்துடன் கொயினா மாத்திரை அனுப்பியிருக்கிறேன். கசக்கிறது என்று துப்பிவிடுவாள், சின்னதிலிருந்தே அப்படித்தான். வாயில் வெல்லத்தைப் போட்டுவிட்டு நீங்கள் கைப்பட விழுங்க வையுங்கள். காய்ச்சல் நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். தீர்ந்தால் எழுதுங்கள், இன்னும் அனுப்புகிறேன்.

வரம் கேட்டு உபவாசமா? எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நீங்கள் அவளைக் கட்டி மூன்று வருஷம் ஆகிறது, நான் அவளோடு பதினேழு வருஷம் இருந்தவள். அந்த விஷஜுர வருஷத்தில் காரிமங்கலம் சந்தைக்கு வெளியே, புளியமரத்தடியில், செத்துக் கிடந்தவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த பிள்ளை அவள். துரைசானி அம்மா தூக்கிக்கொண்டு வந்து எங்கள் விடுதியில் விட்டார்கள். நாலு வயசு இருக்கும், என் இடுப்புக்குக்கூட எட்டமாட்டாள். அதனால்தான் குள்ளம்மாள் என்று கூப்பிட்டோம். ஞானஸ்நானத்தில் லேயாள் என்று வைத்தார்கள், வைத்துக்கொள்ளட்டும், எனக்கு அவள் குள்ளம்மாள்தான்.

விடுதியில் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மை போட்ட சமயம், பெரிய பிள்ளைகள் நாங்கள் கிட்டப் போகப் பயந்து சமையல் கட்டில் ஒளிந்தோம். அவள் பாய் பாயாகப் போய் ஒவ்வொரு நெற்றியிலும் ஈரத்துணி போட்டாள். யார் சொல்லிக்கொடுத்தது? ஒருவரும் இல்லை. அதைக் கடமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டீர்களே! அப்போஸ்தலர் எழுதிவைத்த வரிசையில் உதவி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அது மட்டும் எப்படி விட்டுப்போயிற்று? திரும்ப எடுத்து வாசியுங்கள்.

உங்களுக்குப் பேச வரும், அவளுக்குச் செய்ய வரும். இரண்டும் ஒரு வீட்டில் இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதை விட்டு, அவளையும் பேச வை என்று கர்த்தரைப் போட்டு நச்சரிக்கிறீர்கள். என் குள்ளம்மாளை அக்கா கேட்டதாகச் சொல்லுங்கள். எனக்கு இருப்பது திட்டுகிற வரம் மட்டும்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சுகிர்தம்


தீர்த்தமலை அடிவாரம்,
1938 செப்டம்பர் 12

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான அக்காளுக்கு,

ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணியிருந்தால் மன்னியுங்கள். கேட்டோம், கிடைத்தது. லேயாளுக்கு வரம் இறங்கிவிட்டது!

அந்நியபாஷை வரத்தைப் பற்றிப் பேசிய ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பித்தாள். முகம் சிவந்து, கண் மேலே நிலைத்துவிட்டது. பிறகு வாயைத் திறந்தாள். சபையில் ஒரு நாளும் வாய் திறக்காத என் லேயாள், கொட்டகை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்: “யாடி... யாடி... பாணி... யாடி, பாணி...” திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். மாது எழுந்து நின்று, “இது நம்ம பேச்சு இல்லீங்க! எனக்குக் கன்னடமும் வரும், தெலுங்கும் வரும், இது ரெண்டும் இல்லீங்க!” என்றார். சபை முழுதும் முழங்காலில் விழுந்தது, பிறகு எழுந்து அவளைச் சுற்றி நின்று பாடியது.

இன்னும் கேளுங்கள். அந்த நேரமே எனக்கு அர்த்தம் திறந்தது. யா என்பது கர்த்தருடைய நாமம். அடி என்றால் பாதம். பாணி என்றால் கரம். ஆணி அறையப்பட்ட பாதத்தையும் கரத்தையும் அவள் கண்டிருக்கிறாள்! நான் எழுந்து வியாக்கியானம் சொன்னபோது அழாதவர் இல்லை. பேசுகிற வரம் அவளுக்கும், வியாக்கியானம் பண்ணுகிற வரம் எனக்கும், ஒரே வீட்டில்!

பிறகு இரண்டு தரம் ஆயிற்று. அரூரிலிருந்தும் கடத்தூரிலிருந்தும் பார்க்க வருகிறார்கள். தெளிந்தபின் என்ன பேசினாய் என்று கேட்டால், “தெரியலீங்க, கனா மாதிரி இருந்துச்சு” என்கிறாள். வரம் வந்ததைச் சொன்னேன். என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, “உங்களுக்குச் சந்தோசமா?” என்றாள். இவ்வளவு சந்தோஷம் எனக்கு வாழ்நாளில் இல்லை என்றேன். “அப்ப சரிங்க” என்றாள்.

கொயினா தீர்ந்துவிட்டது. இப்போது வருகிற நடுக்கம் வேறு என்று தெரிந்தபடியால் மறுபடியும் கேட்டு எழுதவில்லை. உடம்பு கொஞ்சம் மெலிந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

ஆனந்தத்தோடு,
ஏசுவடியான்


தர்மபுரி,
1938 செப்டம்பர் 17

மாப்பிள்ளைக்கு,

இதை நின்றுகொண்டு வாசிக்காதீர்கள், உட்கார்ந்து வாசியுங்கள். வாசித்து முடித்ததும் வண்டி கட்டுங்கள்.

அது பரலோக பாஷை இல்லை. லம்பாடி பாஷை. யாடி என்றால் அம்மா. பாணி என்றால் தண்ணீர்.

எனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். விடுதிக்கு வந்த புதிதில் அவள் அழுததெல்லாம் இந்த இரண்டு சொல்தான். எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விறகு விற்க வந்த லம்பாடிப் பெண்பிள்ளை ஒருத்திதான், “ஆத்தாளக் கேக்குது, தண்ணி கேக்குதுங்க” என்று சொன்னாள். அதன்பின் அந்தப் பெண்ணின் கூட்டத்தைத் தேடினார்கள், அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். குள்ளம்மாளும் எங்களோடு பேசிப் பேசி அந்தப் பாஷையை மறந்துபோனாள். காய்ச்சல் மண்டைக்கு ஏறினால் மறந்த பேச்செல்லாம் திரும்பி வரும். இந்த வார்டில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

ஐயோ, மாப்பிள்ளை, என் தங்கை அம்மாவைக் கேட்டு, தண்ணீரைக் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். நீங்கள் எல்லோரும் சுற்றி நின்று பாடியிருக்கிறீர்கள்.

நீங்கள் கெட்டவர் இல்லை, அவள்மேல் உயிராக இருக்கிறவர் என்று எனக்குத் தெரியும். ஆகையால் வெட்கப்பட்டுக்கொண்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். அரூர் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து பஸ் ஏற்றுங்கள். வழியில் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வாருங்கள். நானே புறப்பட்டிருப்பேன், காலரா வார்டு நிறைந்து கிடக்கிறது, டாக்டரம்மா விடமாட்டேன் என்கிறார்கள். மறுபடியும் கொயினா வைத்திருக்கிறேன், இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

சுகிர்தம்


தீர்த்தமலை அடிவாரம்,
1938 செப்டம்பர் 28

சகோதரி சுகிர்தம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வந்தது. உட்கார்ந்துதான் வாசித்தேன். மனம் மிகவும் புண்பட்டது.

என் மனைவியை லம்பாடிச்சி என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? என் தாயார் காதில் இது விழுந்தால் என்ன ஆகும்? இருபது வருஷமாகச் சொல்லாததை, அவளுக்கு ஒரு மேன்மை வந்த பிற்பாடு சொல்லுகிறீர்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் காய்ச்சலையே பார்த்துப் பார்த்து எதைப் பார்த்தாலும் காய்ச்சலாகத் தோன்றுகிறது. ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு வரம். உங்களுக்கு மருந்து கொடுக்கிற வரம். இது உங்கள் வரத்துக்கு எட்டாத காரியம், கோபிக்க வேண்டாம்.

இங்கே குடிகாரன் ஒருவன் அவள் சத்தத்தைக் கேட்டுக் கள்ளை விட்டிருக்கிறான். பிரிந்திருந்த அண்ணன் தம்பி கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். இது தண்ணீர் கேட்டதால் வந்ததா? எல்லாரையும் எழுப்பி நிறுத்தி, ஐயோ தப்பாய்ச் சொல்லிவிட்டேன், வீட்டுக்குப் போங்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

உங்கள் மாத்திரையைக் கொடுத்தேன். துப்பிவிட்டாள். இப்போது எழுந்து நடமாட்டமில்லை, கோயிலிலேயே ஒரு பாயில் படுக்க வைத்திருக்கிறோம். சபையார் எல்லாரும் உபவாச ஜெபம் தொடங்கியிருக்கிறோம். நானும் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் எடுக்கவில்லை. நீங்களும் ஜெபியுங்கள்.

ஏசுவடியான்


தர்மபுரி,
1938 அக்டோபர் 3

மாப்பிள்ளைக்கு,

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். லம்பாடி என்று நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பரலோக பாஷை என்றே இருக்கட்டும், யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவளை மட்டும் கொண்டுவந்துவிடுங்கள். வண்டியில் கிடத்த முடியாவிட்டால் கட்டிலோடு தூக்கி வாருங்கள்.

சனிக்கிழமை விடுப்புக் கிடைத்திருக்கிறது. நானும் புறப்பட்டு வருகிறேன். வழியில் உங்களைக் கண்டால் போதும்.

சுகிர்தம்


தீர்த்தமலை அடிவாரம்,
1938 நவம்பர் 20

அக்காளுக்கு,

அக்காள் என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை நீங்கள் வந்தபோது அவளை அடக்கம் பண்ணி ஒரு நாள் ஆகியிருந்தது. மண்மேல் உட்கார்ந்திருந்தீர்கள். என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனீர்கள். நீங்கள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை, எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நல்ல வெயில். கொட்டகை நிறைய ஜனம். அவள் பாயில் கிடந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். தலையில் விறகுக்கட்டோடு ஒரு லம்பாடிப் பெண்பிள்ளை பாதையில் போனவள் நின்றாள். கட்டைத் தொப்பென்று போட்டுவிட்டு உள்ளே வந்தாள். மாது குறுக்கே கை நீட்டி, “ஏய், ஜெபம் நடக்குது, உள்ள போவாத” என்றார். அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டு, என்னைப் பார்த்து, உடைந்த தமிழில் சொன்னாள்: “சாமி, தண்ணி கேக்குது. தண்ணி கேக்குது, நீ பாட்டுப் பாடறியே?”

பாட்டு நின்றுவிட்டது. அந்தப் பெண் கோயில் மூலையில் இருந்த பானையில் மொண்டு, லேயாள் தலையை மடியில் தூக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டாள். லேயாள் அவள் கை நிறையக் கிடந்த வளையல்களைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவளும் பதில் சொன்னாள். இருவரும் பேசினார்கள் அக்காள். தாயும் பிள்ளையும் பேசுகிறதுபோல் பேசினார்கள். நான் வியாக்கியான வரம் பெற்றவன், ஒரு சொல் விளங்காமல் பக்கத்தில் நின்றேன்.

நீங்கள் எழுதியது உண்மை என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. மாதுவை வண்டி கொண்டுவர விரட்டினேன். மாடு மேய்ச்சலுக்குப் போயிருந்தது, பிடித்து வருவதற்குள் பொழுது சாய்ந்தது. வண்டிக்காரன் அவளைப் பார்த்துவிட்டு, “இந்த ஒடம்பு ரோட்டுல தாங்காதுங்க” என்றான். அந்தப் பெண்பிள்ளை அவள் கூட்டத்தார் கூப்பிட வந்ததும் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்து, லேயாள் கண் திறந்து என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துதான் பார்த்தாள், சத்தியமாகச் சொல்கிறேன். “பாட்டி காதோ?” என்றாள். எனக்கு விளங்கவில்லை. பாட்டி என்கிறாளே, காது என்கிறாளே என்று மனம் பழையபடி அர்த்தம் கட்ட ஆரம்பித்தது. அதைப் பல்லைக் கடித்து நிறுத்தினேன். “தமிழில் சொல்லு லேயாள்” என்று கெஞ்சினேன். என் கன்னத்தைத் தொட்டு இன்னொரு தரம் அதையே சொன்னாள். அதன்பின் பேசவில்லை. உச்சிவேளைக்குள் போய்விட்டாள்.

சபையாருக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். பாதிப்பேர் நம்பவில்லை. “உபதேசியாருக்குத் துக்கத்துல புத்தி பெரண்டுடுச்சு” என்கிறார்கள். அவள் கல்லறை மண்ணைத் துணியில் முடிந்து கொண்டுபோகிறார்கள். நான் சொன்ன பொய்யான அர்த்தத்தை இப்போது என்னாலேயே திரும்ப வாங்க முடியவில்லை. ஞாயிறு எழுந்து நின்றால் பேச வரவில்லை, மாதுதான் ஜெபம் சொல்லி அனுப்புகிறார். சோறு இறங்குவதில்லை. இரண்டு வாய்க்கு மேல் எடுத்தால் அவள் பாயில் கிடந்த முகம் வந்துவிடுகிறது.

அந்தப் பெண்பிள்ளையைத் தேடி அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் போனேன். அடுப்புக் கல்தான் இருந்தது. உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பாட்டி காதோ என்றால் என்ன? அவள் என்னைச் சபித்திருந்தாலும் எழுதுங்கள். அது எனக்குத் தகும்.

ஏசுவடியான்


தர்மபுரி,
1939 ஜனவரி 14

மாப்பிள்ளைக்கு,

உங்களுக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உங்கள் கடிதத்தை அடுப்பில் போட இரண்டு தரம் எடுத்தேன். அவளுடைய பேச்சு அதில் இருந்ததால் போடவில்லை.

அந்தச் சொல் எனக்குத் தெரியாது. விடுதியில் அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தெரியாததற்கு அர்த்தம் சொல்லக் கூடாது என்று இத்தனை நாள் காத்திருந்தேன். போன வாரம் பிரசவத்துக்கு ஒரு லம்பாடிப் பெண் வார்டுக்கு வந்தாள். பிள்ளை பிறந்து அவள் எழுந்து உட்கார்ந்தபின் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. “இது என்னாத்துக்கும்மா கேக்கறே? வூட்டுக்கு வர்ற ஆளுகிட்ட எல்லாரும் கேக்கறதுதான். பாட்டின்னா ரொட்டி, சோறு. சாப்ட்டியான்னு கேக்கறது” என்றாள். வேறு அர்த்தம் உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். இல்லவே இல்லை என்றாள்.

நீங்கள் உபவாசத்தில் இருந்தீர்கள். முகம் வாடியிருந்திருக்கும். அவள் கண்ணுக்கு அதுதான் பட்டிருக்கிறது.

நான் வார்டுக்கு வெளியே போய் அழுதேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. இல்லாததை எழுத மாட்டேன். இனி நீங்கள் எனக்கு எழுத வேண்டாம், நானும் எழுத மாட்டேன்.

அவள் இரண்டு தரம் கேட்டிருக்கிறாள். சாப்பிடுங்கள்.

சுகிர்தம்